தொழில்: இல்லை

என் முட்டாள்தனத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன், எப்படியும் அங்கேதான் வந்து சேரப்போகிறோம். எழுபதுகளில் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியதில் பாதி தப்பாக இருக்கும்.

எலப்புள்ளிப் பக்கத்திலிருந்து பொன்னாத்தாள் என்றொரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது.

"என்னம்மா தொழில்?"

"தொழிலுங்களா? ஊட்டுல சும்மாதானுங்க இருக்கேன்."

'தொழில்: இல்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

எங்கள் தலைமை சர்ஜனான சீஃபுக்குக் கைப்பழக்கமான ஆபரேஷன் ராடிக்கல் மாஸ்டெக்டமி. மார்பு, அதன் அடியிலிருக்கும் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. தசை போனால் கையில் வலு குறையும். கை வீங்கவும் செய்யும். சும்மா இருப்பவருக்கு அதனால் என்ன? ஆபரேஷன் லிஸ்டில் ராடிக்கல் என்றே எழுதினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

"இந்த வயசுல மாரு இருந்தா என்னம்மா, போனா என்ன?"

"மாரு கெடக்குதுங்க. அதுக்கா அழுவறேன்? சோத்தாங்கையில வலு நிக்குமுங்களா?"

"கொஞ்சம் வலு குறையும். சும்மாதானே இருக்கீங்க?"

"ஏனுங்க, நாலு எருமையை ஆரு கறக்கறது? தண்ணி சேந்தோணும், தீவனம் அறுக்கோணும், நாத்து நடோணும்..."

"அப்புறம் ஏன் தொழில் இல்லைன்னீங்க?"

"தொழில்னா? நான் என்ன மில்லுக்கா போறேன்?"

சீஃப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கேஸ் ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நாலு எருமை. தொழில் இல்லை. ஏண்டா, நீ போய்க் கறப்பியா?"

"எனக்கு எருமைன்னா பயம் சார்."

வார்டே சிரித்தது. சீஃப் சிரிக்கவில்லை. அந்த அம்மாவை இடுப்பில் கையை அழுத்தி ஊன்றச் சொல்லி, கட்டி அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது, தசையில் ஒட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தசையை விட்டுட்டும் செய்யலாம்மா. கை வலுவா இருக்கும். ஆனா நோய் திரும்ப வராதுன்னு எந்த ஆபரேஷனுக்கும் நான் சத்தியம் பண்ண முடியாது. உங்களுக்கு எது வேணும்?"

பொன்னாத்தாள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை இருக்கறாப்பல பண்ணிப்போடுங்க."

அப்படியே செய்தோம்.

அன்று முதல் புதிதாக வரும் யாரிடமும் நான் தொழில் கேட்டதில்லை. "காலைல எந்திரிச்சதும் என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். பதில் எழுத ஒரு தாள் போதாது. கட்டியின் அளவோடு அந்தத் தாளையும் பார்த்துத்தான் ஆபரேஷனை முடிவு செய்ய வேண்டும் என்று புரிந்தது.

சில மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தார். "என் கையை அழுத்துங்க, வலு பார்ப்போம்" என்று கையை நீட்டினேன். அழுத்தினார். அன்று மாலைவரை என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. இருந்தாலும் பழைய தப்பைத் திருத்திவிடும் ஆசையில் இடது கையால் கேஸ் ஷீட்டைத் திறந்தேன்.

"இப்பச் சொல்லுங்கம்மா, தொழில் என்னன்னு எழுதட்டும்?"

"சும்மாதானுங்க இருக்கேன்."