புக்காரஹுவில் வெள்ளிக்கிழமை

தொண்ணூறுகளில் என் மகள் பெரு நாட்டுக்கு மலையேறப் போனாள். மலையின் பெயர் புக்காரஹு. கெச்சுவா மொழியில் சிவந்த பனிமலையாம். "வெள்ளிக்கிழமை இறங்கினதும் போன் எடுப்பன் அப்பா" என்றாள்.

பூமியின் மறுபக்கத்தில், எங்கள் லின்ஃபீல்ட் வீட்டில் வெள்ளி முழுக்கத் தொலைபேசி அடிக்கவில்லை. போருக்குள்ளிருந்து வந்த எங்களுக்கு, அழைப்பு வராவிட்டால் ஒரே அர்த்தம்தான். சனி காலை, "நீதானே போக விட்டனீ!" என்று மனைவியைத் திட்டினேன். செபக்கூட்டத்தாரை வரவழைத்தேன். எல்லோரும் முழங்காலில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"மலைக்குக் கீழ ரெண்டு ஏரி அப்பா! ஒண்டு பச்சை, மற்றது நீலம்."

"ஏன் பிள்ளை நேற்று எடுக்கேல்ல?"

"நேற்றோ? இங்க இண்டைக்குத்தானே வெள்ளி!"

பெருவைவிட எங்களுக்கு நாள் முந்தி விடிவதை மறந்துவிட்டேன்.

அழ வந்தவர்கள் சிரித்தபடி தேத்தண்ணி கேட்டார்கள். குசினிக்குள் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். தாமதம் வெறும் தாமதமாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் நம்பப் பழகினேன்.