கல்லை நட்டுவிட்டுப் போனவருக்கு ஒரு ஜட்காக்காரன்

ரயில்வே கேட் ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்றை நட்டு, "இங்கே பாலம் வரப் போகிறது" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே ஐயா, எங்களை ஏமாற்றியது நீங்கள்தான். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. முகம் தெரியும். என் ஜட்காவில்தான் வந்து இறங்கினீர்கள்.

ஜட்காத் தொழிலில் குதிரைக்குக் கால் வேண்டும், ஓட்டுகிறவனுக்கு வாய் வேண்டும். ராயபுரம் வண்டி ஸ்டாண்டில் அடிபட்டு, உதைபட்டு, கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்து மேலே வந்தவன் நான். பேரத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. உங்களிடம் மட்டும் நீங்கள் சொன்ன வாடகைக்குத் தலையாட்டினேன். பாலம் போட வந்த மனுஷனாயிற்றே என்றுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கேட்டில் என் பக்கத்தில் நின்றவர்களாகத்தான் இருப்பீர்கள். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் ரயில் முன்னால் போகும், பின்னால் வரும், சாலைக்குக் குறுக்கே நின்றுகொண்டு யோசிக்கும். நாமும் நிற்போம்.

கல்லுக்கு வந்த யோகம்

நீங்கள் கல் நட்ட அன்றைக்கு, ஐயா, அளக்கிற சங்கிலியின் ஒரு முனையை உங்கள் ஆள் பிடித்தார். இன்னொரு முனையைப் பிடித்தவன் லாசர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், என் பக்கத்து வீட்டுக்காரன். கூலி கேட்காமல் வெயிலில் நின்று பிடித்தான். அவனைவிட அந்தப் பாலம் வேண்டியவன் ஊரில் கிடையாது.

நீங்கள் போனீர்கள். மழை வந்தது, வெயில் வந்தது, பாலம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் தேங்காய் உடைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் கல்லைப் பிடுங்கப் போனேன். லாசர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வுடு மாமு. பாலம் வர்லைன்னா இன்னா, சாமி வந்துட்சே."

செத்த காலேஜ் பார்க்க வந்தவர்கள்

வெளியூர்க்காரர்களுக்கு மியூசியம் என்றால் செத்த காலேஜ், மிருகக் காட்சி சாலை என்றால் உயிர் காலேஜ். பட்டணம் வந்தால் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். தண்டையார்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த திருச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கேட் சாத்தியிருந்தது.

ஜட்காவுக்குப் பாரம் சமமாக இருக்க வேண்டும். பின்னால் கனம் கூடினால் குதிரையைப் பூட்டுகிற ஏர்க்கால் மேலே தூக்கும், குதிரையையும் அதோடு தூக்கும். அதனால் குண்டு ஆட்களை முன்னால் தள்ளி உட்கார வைப்போம். வண்டிக்காரனும் முன்னால் ஒரு பாரம்தான். அன்றைக்குக் கூட்ஸ் நகர்கிற வழியாக இல்லை. கேட்காரரோடு சண்டை போட நான் குதித்து ஓடினேன். நான் போனதும் முன்பாரம் போயிற்று. குடும்பத் தலைவர் பின்பக்கம் சரிந்தார், அவர் மேல் அவர் சம்சாரம், அவள் மேல் பிள்ளைகள். குதிரை முன்னங்கால் இரண்டாலும் தரையைத் தேடுகிறது. சண்டையைப் பாதியில் விட்டு ஓடி வந்து ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினேன்.

அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டு சொன்னாள்: "செத்த காலேஜ் பார்க்கத்தான் வந்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்களையே அங்கே வெச்சிருப்பாங்க."

காதர் பாயின் கார்

வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் காதர் பாய் பல வருஷம் என் வாடிக்கை. ஒரு நாள் பழைய கார் ஒன்றை வாங்கினார். அப்புறம் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கேட்டில் வந்து என் குதிரைக்குப் பின்னால்தானே நிற்க வேண்டும்?

நின்றார். எஞ்சினை அணைத்தார். கேட் திறந்ததும் இறங்கி, முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினார். சுற்றச் சுற்ற அது இருமியதே தவிரக் கிளம்பவில்லை. கிளம்புவதற்குள் கேட் மறுபடி சாத்தியாயிற்று. நான் அந்தப் பக்கம் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை, நானும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாய் சொன்னார்:

"முன்னெல்லாம் ஒன் வண்டில குந்திக்கினு கேட்டைப் பாத்தேன். இப்ப சொந்த வண்டில குந்திக்கினு பாக்கறேன். அவ்ளோதான் நைனா வித்தியாசம்."

லாசரின் குறுக்கு வழி

காலையில் சங்கு ஊதுவதற்குள் துறைமுக வாசலில் மேஸ்திரி டோக்கன் கொடுத்து முடிப்பார். டோக்கன் கிடைத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் லாசர் கேட் திறக்கக் காத்திருக்க மாட்டான். நிற்கிற கூட்ஸுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவான். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "ஒன் குதுரை புல்லு துன்னுகினு நிக்கும் மாமு. என் வூட்ல கீறதுங்க பசில நிக்காதுங்க" என்பான்.

ஒரு நாள் அவன் குனிந்து நுழைந்த நேரம், தூரத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சங்கிலி இழுபடும் சத்தம் வந்தது, கூட்ஸ் கிளம்பிவிட்டது. அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். உடம்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது, ஒரு காலைத் தவிர. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ரயில். அவன் அலறுவது கேட்கிறது, போக முடியவில்லை. அன்றைக்கு நான் யாரோடும் சண்டை போடவில்லை. கேட்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட் திறந்ததும் அவனை வாரிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் குதிரையை விரட்டினேன். வழியில் கண்ணைத் திறந்து ஒன்றுதான் கேட்டான்.

"டோக்கன் குடுத்து முட்சிருப்பாங்களா மாமு?"

முன்பாரம்

இப்போது லாசருக்குக் கட்டைக்கால். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கிடங்கு முதலாளியோடு நான் பேசிய பேச்சு பேரமில்லை, யுத்தம். தினமும் அவனை என் பக்கத்தில் முன்பாரமாக உட்கார வைத்து ஓட்டிப் போகிறேன். ஆனால் கேட்டில் நின்று நின்று அடிக்கடி தாமதம். இனியும் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

நேற்றும் கேட் சாத்தியிருந்தது. கீழே இறங்கிக் குனிந்து போக அவனுக்கு இனி வழியில்லை. மஞ்சள் பூசின கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவன், என் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"அந்த ஐயா எப்பனா ஒன் வண்டில வந்தாருன்னா சொல்லு மாமு, பாலத்துக்குப் படிக்கட்டு வெக்காம சரிவா போடட்டும். படி ஏற எனுக்கு ஒரு கால் பத்தாது."

கேட்டீர்களா ஐயா, அவன் இன்னும் உங்களை நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் வேலை போவதற்குள் வந்து அந்தப் பாலத்தைச் சரிவாகவே கட்டிக் கொடுத்துவிடுங்கள், அதன் மேலாகவே திருவொற்றியூர் வரைக்கும் உங்களை ஏற்றிக்கொண்டு போகிறேன், வாடகைப் பேச்சே எடுக்க மாட்டேன்.