கம்பித் தோட்டத்துக் காவல்காரர்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தப் பூங்காவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் எட்வின் பார்க். நாலு புறமும் ஆளுயர இரும்புக் கம்பி இருந்ததால் நம்மவர்கள் அதைக் கம்பித் தோட்டம் என்றார்கள். அதன் காவல்காரர் இராமசாமி. பின்வாசல் ஓரம் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி மங்களமும் குடியிருந்தார்கள். மங்களம் அதே தோட்டத்தில் தினக்கூலிக்குப் புல் பிடுங்கினாள். பிள்ளைகள் இல்லை.

காலையில் கேட்டைத் திறப்பது, பெஞ்சில் சீட்டாடுகிறவர்களை விரட்டுவது, சைக்கிளோடு உள்ளே வருகிறவர்களை நிறுத்துவது, இருட்டுவதற்குள் விசில் ஊதிப் பூட்டுவது இவையெல்லாம் அவர் வேலை. முன்பு அவரோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் பூங்காச் செலவில் பாதியை அரசாங்கமும் மீதியை வட்டார வியாபாரிகளின் கமிட்டியும் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. கமிட்டிக்கு வசூல் சரியாக வரவில்லை. இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள். தோட்டம் முழுவதும் இராமசாமி தலையில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் ஓரங்கள் போயின. பக்கத்தில் நிற்பவர் தெரியாமல் இடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரி டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, கண் நரம்பு காய்ந்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதும் போகும் என்றார்.

"ஆபீசுல சொல்லிடலாம்ங்க," என்றாள் மங்களம், பஸ்ஸில்.

"சொன்னா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான். எங்க போறது?"

அன்றிலிருந்து அவர் வேலையை அவள் செய்யத் தொடங்கினாள். விடியும்போதே கேட்டைத் திறந்துவிட்டு, காக்கி உடுப்புப் போட்ட கணவரை வாசல் நாற்காலியில் உட்கார வைப்பாள். அவருக்குக் குரல் எட்டும் தூரத்திலேயே புல் பிடுங்குவாள். மேலதிகாரி வந்தால் தொண்டையைச் செருமுவாள். அவர் எழுந்து நின்று சலாம் வைப்பார். சைக்கிள் வந்தால், "யாருப்பா அது, இறங்கு!" என்று அவளே கத்துவாள். புருஷன் சாது, பெண்டாட்டிதான் ராங்கி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. மிஞ்சியிருந்த வெளிச்சமும் போயிற்று. வீட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணம், காது குத்து, தைப்பூசம் எதற்கும் போவதில்லை. தடுமாறினால் யாராவது கண்டுகொள்வார்கள் என்று அவர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. தண்ணீர்த் தாகம் எடுத்தாலும் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மங்களத்துக்குக் கடும் காய்ச்சல். கேட் மத்தியானம் வரை பூட்டியே கிடந்தது. வெளியே ஆட்கள் கம்பியைத் தட்டினார்கள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள்.

அன்று அவரே சொன்னார்: "போதும் மங்களம். நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

இந்தத் தடவை மறுத்தது அவள். "இத்தன வருஷம் ஏமாத்தினீங்களான்னு கேப்பான். கிடைக்கிற பென்ஷனும் போயிடும். பேசாம இருங்க."

அறுபத்து மூன்றில் கமிட்டி ஒரு நீரூற்றுக் கட்டியது. ஆள் சம்பளத்துக்குப் பணம் தராத முதலாளிகள் இதற்குப் போட்டி போட்டுக்கொண்டு தந்தார்கள். கல்லில் பெயர் வெட்டுவார்களே! செயலாளர் ஜலாலுதீன், துணி வியாபாரி, நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நேரில் வந்தார்.

"ராமசாமி, தண்ணிக் குழாயை நீங்கதான் திறக்கணும். பெரிய மனுசங்க பேசட்டும். தோட்டத்தைக் காத்தவரு நீங்க."

"எனக்கு எதுக்கு முதலாளி அதெல்லாம்?"

"கமிட்டியில முடிவு பண்ணியாச்சு லா."

அவர் போனதும் மங்களம் கணவரின் கையைப் பிடித்து, வாசலிலிருந்து குழாய் வரை பலமுறை நடத்திப் பழக்கினாள். விழா அன்று பார்த்தால் அந்தப் பாதை முழுக்க நாற்காலி. தோட்டக் கூலிகளைக் கயிற்றுக்கு அந்தப் புறம் நிறுத்திவிட்டார்கள். அவளால் அவரிடம் போக முடியவில்லை.

பெயர் சொல்லி அழைத்ததும் இராமசாமி எழுந்தார். கொஞ்ச தூரம் சரியாக நடந்தார். முழங்கால் ஒரு நாற்காலியில் இடித்தது. விலகினார், இன்னொன்றில் இடித்தது. நின்றுவிட்டார். அவர் கை மெல்ல முன்னால் நீண்டு காற்றைத் தடவியது.

"மங்களம்!" என்று உரக்கக் கூப்பிட்டார். "எங்க இருக்க? எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள். கையைப் பிடித்து அவரைக் குழாயடிக்கு நடத்தினாள். இருவருமாகக் குனிந்து குழாயைத் திருப்பினார்கள். தண்ணீர் எழும்பியது. விஷயம் புரியாத ஜனம் கைதட்டியது. ஜலாலுதீன் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் அவர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். "எவ்வளவு காலமா இப்படி?"

மங்களம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மறைக்க முடியாதும்மா. அந்தத் தண்ணியில ஒரு புள்ள விழுந்தா யாரு பார்ப்பா?"

"நான் பாக்குறேன். இதுவரைக்கும் நான்தானே பாத்தேன்? அந்த வேலையை எனக்கே குடுங்க."

"காவல் வேலைக்குப் பொம்பளைய எடுக்க மாட்டாங்க. கேட்டுப் பார்க்கிறேன்." கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. ஆனால் பென்ஷனில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டார். குவீன்ஸ்டவுன் அரசாங்க அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் ஓர் அறை வாடகை வீட்டுக்கும் அலைந்து ஏற்பாடு செய்தார். நீரூற்றைக் காக்க வேண்டுமென்று கமிட்டி இரண்டு காவல்காரர்களை நியமித்தது. மங்களத்துக்குப் புல் பிடுங்கும் கூலி வேலை மட்டும் நீடித்தது.

அந்த உயரத்தில் அவர் மூலையில் முடங்கிவிடுவாரோ என்ற பயத்தோடேயே அவள் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்தாள். ஒரு சாயங்காலம் திரும்பியபோது வீடு காலி. பதறிப்போய்க் கீழே ஓடினாள். காப்பிக் கடையில் இராமசாமி ஒரு மூங்கில் கழியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது தம்பி, கோப்பையைக் கையில குடுத்துடு," என்று, இத்தனை வருஷம் மறைத்ததைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை யார் கூட்டி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு தானாகவே வந்தார் என்றார் கடைக்காரர்.

மங்களத்துக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து புல்லின் பச்சைக் கறை படிந்த கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

"நீயா மங்களம்? ஒரு காப்பி சொல்லட்டா?" என்றார் அவர்.

"சொல்லுங்க," என்றாள். காலையில் மறுபடி முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.