சில்லுகளுக்கு நடுவே ஒரு கோடாலி

போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தின் கீழ்த்தளக் கண்காட்சி அறைக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால் தூசி தட்டுவது, பெரிய மனிதர்கள் வந்தால் விளக்கைப் போடுவது.

என்னோடு வேலை பார்த்த பெண், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். சிப்பிகாட் பக்கம் ஆதிகால வேட்டைக்காரர்கள் தின்று எறிந்த சிப்பிகள் மேடாகக் குவிந்து கிடந்தன. அந்த மேட்டிலிருந்து வெள்ளைக் கல் சில்லுகளைப் பல வருடங்களாகச் சேகரித்து வந்தார். கல்லை உடைத்து, தெறிக்கும் சில்லால் தலைமுடியைச் சிரைத்து, மழுங்கியதும் எறிந்துவிடுவார்களாம். ஒவ்வொரு சில்லையும் ஒரு காகிதத்தில் மடித்து, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைப்பார். ஒருமுறை ஒன்றை என் முன்கையில் இழுத்துக் காட்டினார். முடி மழமழவென்று போய்விட்டது. ஆகவே அவற்றின் அருமை எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அம்மாவின் ஆபரேஷனுக்காக அவர் மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய வாரம், மேலிடத்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மதுரைக்காரரான எங்கள் ஆபீசர் சில்லுத் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, ஜல்லி! கற்காலம்னா ஒரு கோடாலி வேணாமா? ஜல்தி ஏற்பாடு பண்ணு."

அந்த மேட்டில் கோடாலியே கிடைத்ததில்லை. "சரி சார்" என்றேன். இந்த நாக்குக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

புரோத்ராபூரில் மார்பிள் அறுப்பவரிடம் ஒரு கருங்கல்லைக் கொடுத்து, மெஷினில் தேய்த்து, பிரம்பால் பிடி கட்டிக் கொண்டுவந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அது மொட்டையாகத் தெரிந்தது. காகிதங்களைப் பிரித்துச் சில்லுகளை அடியில் பரப்பினேன். போதவில்லை. ரோட்டோரத்து ஜல்லியையும் கலந்தேன். காகிதங்களைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பளிச்சென்று வந்ததைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். தூ!

அதிகாரி கோடாலியோடு படம் எடுத்துக்கொண்டு போனார். ஆபீசர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

மெயின்லேண்டிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெண் கோடாலியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கடுதாசியெல்லாம் எங்கண்ணே?"

"கண்ணாடி தொடைச்சிட்டேம்மா."

பெட்டியைத் திறந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

"எது எந்த ஆழம்னு இனி யாருக்குண்ணே தெரியும்?"

அப்போது ஒரு டீச்சர் பள்ளிப் பிள்ளைகளோடு உள்ளே வந்தார். "சார், இதுல கற்கால ஜனங்க செஞ்சது எது?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பெண் சில்லுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வாசலில் ஆபீசர் நின்றிருந்தார்.

நான் கோடாலியைக் காட்டினேன்.