ஷீபா மேல் விழுந்த பழி

என் தம்பிக்கு ஏழாம் மாதத்திலேயே மகன் பிறந்தான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிவிட்டு, பூதப்பாண்டி வீட்டுக்கு வந்திருந்தான். பார்க்கப் போன அன்று எனக்குச் சளியும் தும்மலும்.

"மைனி, கோவப்படாதீங்க. சளி உள்ளவங்க பிள்ளையத் தொடாண்டாம்ணு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் தம்பி மனைவி ஷீபா.

"நான் மூணு பெத்து வளர்த்தவளாக்கும். எனக்கு நீ சொல்லித் தாறியா?" என்றபடி பிள்ளையை வாங்கி முத்தமிட்டேன்.

நான்காம் நாள் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. நுரையீரலில் கிருமி என்றார்கள். இரண்டே நாளில் போய்விட்டான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் என் அம்மா ஷீபாவிடம், "குளிப்பாட்டாதேன்னு சொன்னேனே, கேட்டியாட்டி? நீயாக்கும் கொன்னது!" என்று கத்தினாள். தம்பி தடுக்கவில்லை. ஷீபா என்னைத்தான் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

"போட்டும்மா, இனி பேசி என்ன?" என்றேன். எனக்குப் பெரிய மனசு என்றார்கள்.

ஷீபா இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். அவளைத் திரும்ப அழைக்கக் கூடாதென்று அம்மா சொல்லும்போது நானும் தலையாட்டுகிறேன். கிருமி என்னிடமிருந்துதான் போனதா, தெரியாது. ஷீபா கொல்லவில்லை என்பது தெரியும். இன்றுவரை வீட்டில் அதைச் சொன்னதில்லை.