அத்தானுக்கு மட்டும் ஆடாத படம்

என் அக்காவைக் கட்டியவரைப் போல வாய் நீளமான ஆளை நான் பார்த்ததில்லை. ஓட்டுவது பள்ளிப் பேருந்து, நினைப்பு என்னவோ விமானம். கழுகுக் கண் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டார். மற்ற டிரைவர்கள் எல்லாம் அவர் கணக்கில் கண்ணிருந்தும் குருடர்கள். வீட்டிலோ மகாராஜா. காலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவார், அக்கா பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படிப்பாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே பஸ் கம்பெனியில் நான் மெக்கானிக். என் மகள் பள்ளிக்கூடம் போய்வருவதும் அத்தான் வண்டியில்தான்.

எங்கள் முதலாளி போன வாரம் ஆபீஸ் முன்னறையில் ஆளுயரப் படம் ஒன்றை மாட்டினார். மனுஷனோ மரமோ ஒன்றும் கிடையாது. முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள், பென்சில் கனம்கூட இருக்காது, வளைந்து நெளிந்து போகும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் புடைத்துக்கொண்டு வரும், கோடெல்லாம் தண்ணீராக ஓடும். இதைக் காசு கொடுத்து வாங்கியவரை என்ன சொல்ல!

அன்றைக்கு மத்தியானம் டிரைவர்கள் எதிர் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தர் தலையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருத்தர் குமட்டுகிறது என்று எழுந்தே போய்விட்டார். அத்தான் அசையவில்லை. இதற்கே மயங்குகிறவர்கள் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று ஆளாளுக்கு ஒரு குத்து விட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆடல. சாம்பல் கலர் அடிச்ச பலகை. இதுல பார்க்க என்னடா இருக்கு?"

நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அத்தான், அந்தக் கோடெல்லாம் தெரியலையா?"

"எந்தக் கோடு?"

அத்தனை கோடும் தெரியாத கண்ணா பஸ் ஓட்டுகிறது! பள்ளி விடும் நேரம் வேறு. கழுகார் சாவியை விரலில் சுழற்றியபடி வண்டிக்குக் கிளம்பிவிட்டார். வெடுக்கென்று பிடுங்கி இன்னொரு டிரைவரிடம் கொடுத்தேன். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று பார்த்தால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். கண் போனது உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். பின்னே தினமும் எதற்குப் பேப்பர் படிக்கிறேன் என்று திருப்பிக் கேட்டாள். பழகின ரோடுதானே, இத்தனை நாள் ஓட்டவில்லையா என்றாள். உன் தம்பி மகள் தினமும் அதில்தானே போகிறாள், பாவி என்றேன்.



"அவள வேணும்னா நாளையிலேர்ந்து வேற வண்டில அனுப்பு."