லாஞ்சில் விழுந்த இடி

நேற்று இரணியலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பேட்டரி கடை. வாசலில் ஒருவன் லாரி பேட்டரியின் மூடிகளைத் திறந்துவைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் அமில நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் மட்டும் கிட்டே போய் நின்றேன். "பெரியவரே, மாறி நில்லும். தெறிச்சா வேட்டி ஓட்டையாயிரும்" என்றான் கடைக்காரன். என் வேட்டியில் ஓட்டை விழும் என்று இவன் எனக்குச் சொல்லித் தருகிறான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பஸ் வந்து போனதையும் கவனிக்கவில்லை.

வாலிபத்தில் ஓட்டை விழாத வேட்டி ஒன்றுகூட என்னிடம் கிடையாது. பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால் அப்படி ஒரு வேட்டியில்தான் போய் நின்றேன். "மாப்பிள்ளை வீட்டுல பாச்சை ரொம்பவோ?" என்று பெண்ணின் மாமா கேட்டார். பாச்சை இல்லை, பேட்டரி என்று விளக்கப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பேட்டரியைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஏதோ கொடிய பூச்சி என்றே எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நானும் வாத்தியாராக வேண்டும் என்பது அவருடைய தினசரி ஜெபம். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்குகளுக்கு முன்னால் அந்த ஜெபம் நிற்கவில்லை. கொல்லத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சித்தப்பாவிடம் அனுப்பினார்கள். டைனமோ, பேட்டரி, மேக்னட்டோ எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிறகு குளச்சலில் ஒரு மணல் கம்பெனியில் வேலை கிடைத்தது.

மணல் என்றால் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல். வாங்கிப் போகும் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றி, அவற்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக ஒரு மோட்டார் லாஞ்ச் இருந்தது. அதன் விளக்குகளும் என்ஜினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவும் என் பொறுப்பு. லாஞ்சை ஓட்டுகிற சிராங்கு சூசையண்ணன். என்னை அவர் 'கரண்டுத் தம்பி' என்பார். கொஞ்ச நாளில் கடற்கரை முழுவதற்கும் அதுவே என் பெயராயிற்று.

கடலில் கரண்டை வைத்துப் பராமரிப்பது உப்புச் சட்டியில் சர்க்கரையைக் காப்பாற்றுகிற வேலை. இன்று சுரண்டித் துடைத்த, கம்பி இணைக்கும் ஆணி நாளைக்குப் பச்சை பூத்து நிற்கும். மறுபடி சுரண்டி வாசலின் களிம்பு பூச வேண்டும். பேட்டரிக்குக் கிணற்று நீர் ஆகாது, மழை நீர்தான் வேண்டும். என்னிடம் இருந்ததில் ஓட்டை குறைந்த வேட்டியை நாலு கம்பில் கட்டி மழையைப் பிடித்து ஜாடியில் அடைத்து வைப்பேன். "மனுசனுக்குக் குடிக்க வெள்ளமில்ல, இந்தப் பெட்டிக்கு மழை வெள்ளம் கேக்குதோ" என்று கேலி செய்துகொண்டே, சூசையண்ணன்தான் வேட்டியின் மற்ற முனையைப் பிடிப்பார்.

அவருக்கு இடது முழங்கால் மடங்காது. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் கரையேறும்போது அலை மரத்தைத் தூக்கி அவர் காலில் போட்டுவிட்டது. முட்டுக்குத்தித் துடுப்பு போட முடியாதவனுக்குக் கட்டுமரத்தில் இடமில்லை. லாஞ்சில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நிற்க அவரால் முடிந்தது. அந்த லாஞ்ச் வராதிருந்தால் அவர் மறுபடி கடலுக்குள் போயிருக்கவே மாட்டார். அதனால்தான் தினமும் அதன் பலகைகளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சம்பளம் தரும் படகு, அவருக்கு அதுதான் கால்.

இடி விழுந்தால் தாங்குவதற்கும் லாஞ்சில் ஓர் ஏற்பாடு உண்டு. பாய்மரத்தின் உச்சியில் ஒரு செம்புக் கம்பி. அதிலிருந்து செம்புப் பட்டை ஒன்று இறங்கி, படகின் அடியில் தண்ணீருக்குள் அறைந்திருக்கும் செம்புத் தகட்டில் போய்ச் சேரும். மின்னல் விழுந்தால் அந்த வழியே கடலுக்குள் போய்விடும். தகடு வெறுமையாக, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆனி ஆடிக் கொந்தளிப்பில் லாஞ்சைக் கரையேற்றி வைப்போம். ஆவணியில் கடல் தெளிந்ததும் சுறா எண்ணெயும் தாரும் காய்ச்சி அடிப்பலகை முழுக்கப் பூசுவார்கள், புழு துளைக்காமல் இருக்க. "தகட்டுல மட்டும் பூசாதீங்க அண்ணே" என்று வருஷா வருஷம் சொல்வேன். அவரும் வருஷா வருஷம் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் பூசுவார்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. லாஞ்சை நங்கூரத்தில் விட்டுவிட்டு எல்லோரும் கரைக்கு வந்திருந்தோம். நானும் சூசையண்ணனும் கொட்டகைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பாய்மரத்தின் மேல் வெள்ளையாக ஒன்று இறங்கியது. சத்தம் அப்போதே காதில் விழுந்ததா, பிறகு விழுந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கண் தெளிந்தபோது பாய்மரம் விறகுபோலப் பிளந்து நின்றது. "மாதாவே" என்று ஒரு சொல்தான் சூசையண்ணன் வாயிலிருந்து வந்தது. மழை விடுவதற்கு முன்பே அந்தக் காலை இழுத்துக்கொண்டு அலைக்குள் இறங்கிவிட்டார்.

கட்டுமரத்தில் போய் ஏறிப் பார்த்தோம். பல்புகள் எல்லாம் பொடி. பேட்டரி வெடித்து அமிலம் அடித்தளத்தில் ஓடிக் கிடந்தது. டைனமோவின் சுருள் கருகி, கம்பிகள் உருகிச் சொட்டியிருந்தன. திசைகாட்டி வடக்கைத் தெற்கு என்று காட்டியது. மேக்னட்டோவில் உள்ள காந்தம் ஓர் ஆணியைக்கூடப் பிடித்து நிறுத்தவில்லை. கையிலிருந்து ஆணி தொப்பென்று விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடியில் தண்ணீர் ஊறுகிறது என்று தெரிந்ததும் ஊர் ஆட்களைக் கூட்டி, முங்குவதற்கு முன்னால் இழுத்துக் கரையில் போட்டோம்.

அப்போதுதான் தகட்டைப் பார்த்தேன். அது பெயர்ந்து தொங்கியது. பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தகட்டின் மேலே விரல் கனத்துக்குத் தார். இறங்கி வந்த மின்னலுக்குத் தண்ணீரில் இறங்க வழி கிடைக்கவில்லை. என் கம்பிகளுக்குள் பாய்ந்து, கண்டதையெல்லாம் எரித்துவிட்டு, பலகையை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் சூசையண்ணனைப் பார்த்தேன். "நான் பூசல்ல தம்பி. சத்தியமா பூசல்ல" என்றார்.

கஞ்சி கொண்டு வந்திருந்த அவர் மனைவி ரோசம்மா பாத்திரத்தை மணலில் வைத்தாள். "நான்தான் பூசினேன்."

அவர்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. மரத்துக்கு, அதாவது கட்டுமரத்துக்கு, சொந்தக்காரன் செத்துப்போனால், அடுத்த முறை எண்ணெய் பூசும்போது ஓர் இடத்தை மட்டும் பூசாமல் விடுவார்கள். அந்த வெறும் இடத்தைப் பார்த்தாலே இது சாவு விழுந்த மரம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது. சூசையண்ணனுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்காது. லாஞ்சை அவர் மரமாக நினைக்கவில்லையோ என்னவோ.

"ஒவ்வொரு வருசமும் அந்த வெறும் எடத்தப் பாக்கும்போ வயிறு எரியும் தம்பி. ஆளு உசுரோட இருக்கும்போ இப்பிடி வுடலாமா? இந்த வருசம் பாதர் வந்து தீர்த்தம் தெளிக்கதுக்கு முன்ன, யாரும் பாக்காத நேரம் பூசிட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அதனாலயா இது?" என்று கேட்டாள்.

நான் தகட்டின் மேலிருந்த தாரை நகத்தால் சுரண்டினேன். அதுவே பதிலாகிவிட்டது. அவள் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சூசையண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "வுடுட்டி. நீ கேட்டது நான் உசுரோட இருக்கணும்னுதானே? இருக்கேன்லா" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் நல்ல மனுஷர், அவர் கையிலும் ஒன்றும் இல்லை. அடுத்த கப்பல் வருவதற்குள் லாஞ்ச் ஓடினால் சரி, இல்லாவிட்டால் என்ஜினைக் கழற்றி வேறு துறைமுகத்துக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. யார் தார் பூசியது என்று அவர் கேட்டபோது, "நான்தான்" என்றார் சூசையண்ணன்.

டைனமோவையும் மேக்னட்டோவையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொல்லத்துக்குப் போனேன். களியக்காவிளையில் ஏறிய ஒரு அம்மா, "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பட்டறையில் சித்தப்பா டைனமோவை மூக்கின் அருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுப் பழைய இரும்புக் குவியலில் வைத்தார். மேக்னட்டோவின் காந்தத்துக்கு மட்டும் திரும்ப உயிர் ஏற்றிப் பார்த்தார். "நிற்கும் என்று நம்பாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் நம்பினேன். வேறு என்ன செய்ய?

ஊர் திரும்பியபோது கப்பல் வந்து நின்றிருந்தது. பலகையை அடைத்து லாஞ்சைத் தண்ணீரில் இறக்கியாகிவிட்டது. விளக்கு இல்லாவிட்டால் போகட்டும், பகலில் ஓடினால் போதும் என்று மேனேஜர் இறங்கி வந்திருந்தார். மேக்னட்டோவைப் பொருத்தினேன். பொறி வருகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழக்கம்: நான் சுழற்றுவேன், சூசையண்ணன் கம்பி முனையில் விரலை வைப்பார். நல்ல பொறி என்றால் கையை உதறிக்கொண்டு, "தேளுடா!" என்று துள்ளுவார். கரையில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள்.

அன்று சுழற்றினேன். விரலை வைத்தார். அவர் கை அசையவே இல்லை.

"எப்பிடி அண்ணே?"

"தேளுதான் தம்பி" என்றார். "நல்லாக் கொட்டுது. நீ என்ஜினைச் சுத்து."

சுற்றினேன். அவரும் சுற்றினார், மடங்காத காலைப் பலகையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு. என்ஜின் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். கை தோலுரிந்து ரத்தம் வருகிறவரை அவர் விடவில்லை. கடைசியில் மேனேஜர்தான் தோளைத் தொட்டு, "மதி, சூசே. போதும்" என்றார். கப்பலுக்குப் பழையபடி துடுப்புத் தோணிகள் போயின. பாதி மூட்டைகூட ஏற்ற முடியவில்லை. கப்பல் கிளம்பிப் போயிற்று. பிறகு மாட்டு வண்டியில் என்ஜினும் போயிற்று.

என்னைக் கம்பெனி கைவிடவில்லை. கம்பி தெரிந்தவனுக்கு எங்கேயும் வேலை இருந்தது. நாகர்கோவிலில் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். சூசையண்ணனுக்குத் தெரிந்தது கடல் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு அழைக்க ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் மணலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தக் கரையில் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். லாஞ்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எழுந்தபோது, "காத்து எப்பிடி இருக்கு தம்பி? மரமெல்லாம் கரை பிடிச்சாச்சா?" என்று கேட்டார். திரும்பினால் அவரே பார்க்கலாம். அவர் திரும்பவில்லை. நான் பார்த்துச் சொன்னேன்.

இப்போது குளச்சலுக்கு மணல் கப்பல் வருவதில்லை. மணல் லாரியில் போகிறதாம். லாஞ்சின் உடலை மழை தின்றது போக மிச்சத்தை யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். ரோசம்மாவும் இல்லை. ஒரு வருஷக் கடலேற்றத்தில் அவர்கள் வீடு இருந்த வரிசையே போயிற்று. சூசையண்ணன் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். ஒருநாள்கூட அலையில் கால் நனைக்கவில்லை என்று அவர் மகன் சொன்னான்.